வாசலுக்கு வந்த பனிமாதா

கடுகுமேட்டுச் சவரிமுத்து டிரைவர் மலை ஆஸ்பத்திரியில் காளான் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய மறுநாள் காலையில், அவர் மனைவி தெரசம்மாள் வாசல் தெளிக்க வாளியோடு கதவைத் திறந்தபோது, வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு பனிமாதா பஸ் நின்றிருந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் தேன்கூட்டு வளைவில் பள்ளத்துக்குள் உருண்டு, கிரேன் வைத்துத் தூக்கப்பட்டு, துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, பழைய இரும்புக்குப் போன அதே பஸ்தான்; நெற்றியில் மாதா படம், கண்ணாடிக்கு மேலே காய்ந்த சாமந்தி மாலை, சவரிமுத்து கையை வைத்து வைத்துப் பெயின்ட் உதிர்ந்த டிரைவர் ஜன்னல், எல்லாம் அப்படியே இருந்தன. தெரசம்மாள் அதை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உங்க வண்டி வந்துருக்கு. கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க, தண்ணி தெளிக்கணும்."

சவரிமுத்து வெளியே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

அவர் அப்படிப் படுத்துக்கொண்டதில் ஊரில் யாருக்கும் குறை சொல்ல மனசு வரவில்லை. அந்த வளைவில் போனது பஸ் மட்டும் அல்ல, அவருடைய கண்டக்டர் சிக்கந்தரும்தான். எதிரே ஏறி வந்த லாரிக்கு இடம் விடுவதற்காகப் பயணிகளை எல்லாம் இறக்கி மலை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, சிக்கந்தர் பின்னால் நின்று பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டி வழி சொல்ல, சவரிமுத்து ரிவர்ஸ் எடுக்க, மழையில் ஊறிப்போயிருந்த சாலையின் விளிம்பு அப்படியே பெயர்ந்து போனது. சவரிமுத்துவைக் கதவு வெளியே துப்பி உண்ணிச்செடிப் புதரில் போட்டது. சிக்கந்தரைப் பள்ளம் எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து சவரிமுத்து அந்த வளைவைத் தாண்டி மலை இறங்கியதில்லை. யாராவது வண்டியின் தகரத்தைத் தட்டினால் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடுவார். சிக்கந்தரின் மனைவி ஜுலைகா முட்டை வியாபாரம் செய்யும் கீழத்தெருப் பக்கம் போகாமல், சந்தைக்குப் போக மலையையே சுற்றுவார். இன்னொன்றும் உண்டு. மாதா கோயில் திருவிழா நாடகத்தில் கோமாளி வந்து ஊரே உருண்டு சிரிக்கும்போது அவர் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். பீடி பிடிக்கப் போகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவர் பீடியே பிடிக்காதவர் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட குடும்பம், மகள் கல்யாணத்தில் வந்து முட்டிக்கொண்டது. மகள் விண்ணரசி கீழே டவுனில் டீச்சராக இருந்தாள். அப்பன் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் வந்திருந்தது. "அப்பா கையப் புடிச்சுத்தான் நான் கோயிலுக்குள்ள நடப்பேன், அதுவும் கீழ எங்க கோயில்லதான், மலையில கல்யாணத்த வெச்சா இவரு ஆயுசுக்கும் எறங்க மாட்டாரு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை எட்வின் தங்கமான பையன், காத்திருந்தான். கல்யாணம் தள்ளிப் போகப் போக அவன் முன்நெற்றியும் பின்னால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் அம்மா, "ஈஸ்டர் கழிஞ்ச வாரம் கல்யாணம். இல்லன்னா என் பையனுக்கு மிச்சம் இருக்குற முடியோட வேற பொண்ணு பார்த்துருவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

அப்போதுதான் தெரசம்மாள் புருஷனை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் மெய்யம்மை முன்னால் உட்கார வைத்தாள். மெய்யம்மை மனசுக்கு மருத்துவம் பார்ப்பவர், தேவகோட்டைப் பக்கம். குளிருக்குத் தலையில் மஃப்ளரும் காலில் இரண்டு ஜோடி சாக்ஸுமாக இருப்பார். மலைக்காளானின் சத்தை அளந்து மாத்திரையாக்கிக் கொடுத்து, அதோடு சேர்த்துப் பேசிப் பேசி உள்ளே உறைந்துபோன பயத்தை இளக்கும் வைத்தியத்தை அந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்திருந்தார். எடுத்தவுடன் மாத்திரை கிடையாது. முதலில் வாரக்கணக்கில் பேச்சுத்தான். பிறகு பெரிய டாக்டர் நெஞ்சையும் ரத்தக் கொதிப்பையும் சோதித்துச் சரி என்றதும், ஒரு பகல் முழுக்க மெத்தையில் படுக்க வைத்து, கண்ணைத் துணியால் மூடி, மெல்லிசாகப் புல்லாங்குழல் போட்டு, ஒருபக்கம் மெய்யம்மையும் மறுபக்கம் நர்ஸும் உட்கார்ந்துகொண்டார்கள். சவரிமுத்து அழவில்லை, கத்தவில்லை. "வண்டிச் சத்தம் கேக்குது, மேல ஏறி வருது" என்று மட்டும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

அது ஏறி வந்துவிட்டது. தகவல் கேள்விப்பட்டு வந்த மெய்யம்மை பஸ்ஸைச் சுற்றி வந்தார், டயரை எட்டி உதைத்துப் பார்த்தார், மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"மத்த ஊர்ல எல்லாம் இது மனசுக்குள்ளதான் வரும். உங்க ஊர்ல வாசல்லயே வந்து நிக்குது" என்றார் தெரசம்மாளிடம். "இங்க எடவசதி இருக்கு போல."

போர்வைக்குள் இருந்தவரிடம் போய் உட்கார்ந்து, "சவரிமுத்தண்ணே, மாத்திரை வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். ஏறி ஓட்ட வேண்டியது நீங்க. நான் பக்கத்துல இருப்பேன்" என்றார்.

"சாவி இல்லியேம்மா."

"வாயால ஓட்டுங்க. அன்னிக்கு நடந்தத, முடிஞ்சுபோன கதையா இல்லாம, இப்ப நடக்குற மாதிரி சொல்லுங்க. எங்க முடியலயோ அங்க நிறுத்திக்கலாம்."

இதற்குள் ஊர் அந்த பஸ்ஸைத் தன் சொத்தாகவே எடுத்துக்கொண்டிருந்தது. தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதால் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை நடந்தது. எதிர்வீட்டார் முகப்பில் பீன்ஸ் விதை காயவைத்தார்கள், பக்கத்து வீட்டார் ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டார்கள், மேற்கூரையில் ஒரு கிடா ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. பங்குச்சாமியார் எதற்கும் இருக்கட்டும் என்று மந்திரித்த தண்ணீர் தெளித்தார். மறுநாளே டீக்கடை சுப்பையா எதற்கும் இருக்கட்டும் என்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி ஜீப்பில் வந்து நம்பரைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல வண்டியே இல்லய்யா. இல்லாத வண்டிக்கு நான் எப்படி அபராதம் போடுறது?" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஒருநாள் காலையில் சவரிமுத்து ஏறினார். ஸ்டியரிங்கைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். மெய்யம்மை என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"காலையில... பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறேன்" என்றார் சவரிமுத்து.

எங்கோ அடிவயிற்றில் இருமியது பஸ்.

"மழை தூறிக்கிட்டு இருக்கு. சிக்கந்தர் என் டீயில பாதியத் தன் கிளாஸ்ல ஊத்திக்கிறான். ஊத்திட்டு, சர்க்கரை கம்மின்னு என்னையவே திட்டுறான்."

பஸ் நகர்ந்தது. மேலே நின்ற கிடா கத்தியது. சவரிமுத்து சொல்லச் சொல்ல, சொன்ன தூரம் வரைக்கும் அது போயிற்று; பஸ் ஸ்டாண்டைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு, மாதா கோயிலைச் சொன்னால் மாதா கோயில். அவர் சொல்வதை நிறுத்திய இடத்தில் பஸ்ஸும் நின்றது. அவர் அழுது முடித்து மூக்கைச் சிந்தும் வரைக்கும் பொறுமையாக நின்றுவிட்டு, அவர் வாய் ஓய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அகலமான இடம் பார்த்துத் திரும்பி வீட்டுக்கு வந்தது.

இப்படி ஒரு வண்டி தினமும் சும்மா போய்வருவதை எந்த ஊர்தான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்? நாலாம் நாளே பின்சீட்டில் இரண்டு பூண்டு மூட்டைகள் இருந்தன. அடுத்த நாள் மூட்டைக்காரர்களும் இருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் நிற்க இடம் இல்லை. மெய்யம்மைக்குக் கோபம் வந்தது. "இது வைத்தியம்! ஒருத்தர் மனசுல இருக்கறத வெளிய கொட்டுற எடம்! கேரட் மூட்டையோட வந்து உக்காந்தா எப்படி?" என்று சத்தம் போட்டார். சவரிமுத்துதான் அவரைச் சமாதானப்படுத்தினார். "இருக்கட்டும் டாக்டரம்மா. காலி வண்டின்னா எனக்குப் பேச்சு ஓட மாட்டேங்குது. நாலு ஜனம் ஏறுனாத்தான் வண்டின்னு தோணுது."

பயணிகள் நாகரிகமானவர்கள்தான், ஆனால் அவரவர்க்கு அவரவர் ஊர் போய்ச் சேர வேண்டியிருந்தது. "அண்ணே, இன்னிக்குச் சந்தை வரைக்குமாச்சும் சொல்லுங்கண்ணே, பிள்ளைக்கு மருந்து வாங்கணும்" என்பாள் ஒருத்தி. "அழுறதுன்னா யூகலிப்டஸ் தோப்புல அழுங்கண்ணே, நான் அங்கதான் எறங்கணும்" என்பான் இன்னொருவன். கேட்டதை வெளியே பேசக் கூடாது என்று மெய்யம்மை எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். ஊரே பஸ்ஸுக்குள் இருந்ததால் வெளியே பேசுவதற்கு ஆளும் இல்லை. ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று முன்னால் எழுதியிருந்ததை ஒருநாள் மெய்யம்மையே அழித்துவிட்டு, "ஓட்டுநரைப் பேச விடுங்கள்" என்று எழுதி வைத்தார்.

கீழத்தெரு வந்தால் மட்டும் சவரிமுத்துவுக்கு வாய் வேகம் பிடித்துவிடும். ஜுலைகா வீட்டைக் கதையில் ஒரே மூச்சில் தாண்டுவார். பஸ்ஸும் அவள் வாசலைப் புயலாகத் தாண்டும். அந்தத் தெருக்காரர்கள் குதித்துத்தான் இறங்க வேண்டும். ஜுலைகா கோழிக்கூட்டின் பக்கத்தில் நின்று தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூண்டு மண்டி சன்னாசிக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருந்தது. சவரிமுத்துவுக்கு ஒரு பஸ் வருமென்றால் தனக்கு ஒரு லாரியாவது வராதா என்று கணக்குப் போட்டு, தோப்பில் கண்டபடி முளைத்திருந்த காளானைப் பிடுங்கி வந்து மிளகு போட்டு வதக்கி ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகச் செத்துப் பிழைத்தான். எழுந்து மண்டியைத் திறந்தபோது உள்ளே நாற்காலியில் அவனுடைய அஞ்சாம் வகுப்பு வாத்தியார் பிரம்போடு உட்கார்ந்திருந்தார். சன்னாசி தராசைத் தூக்கும்போதெல்லாம் "எவ்வளவுடா?" என்று கேட்டார். அவன் எடையைக் கூட்டிச் சொன்னால் பிரம்பு பேசியது. ஊர் சிரித்தது, பூண்டு வாங்க அந்த மண்டிக்கே கூட்டம் போயிற்று. ஆனால் சன்னாசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, அரைக்கால் சட்டைப் பையனைப் போலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுததைப் பார்த்த அவன் மனைவி, அவனை மெய்யம்மையிடம் கூட்டிப் போனாள்.

"தோப்புல கெடைக்கிறதத் தின்னு உசுரோட வந்ததே பெருசு" என்றார் மெய்யம்மை. "பேசத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாமப் போனா, வந்தது வந்தபடியேதான் உக்காந்திருக்கும். நாளைலேருந்து வாங்க. வாத்தியாரையும் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸோ தேன்கூட்டு வளைவோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் சவரிமுத்து அதுவரைக்கும் அழகாகச் சொல்லிக்கொண்டு வருவார். எதிரே லாரி வருது. எல்லாரையும் எறங்கச் சொல்றேன். சிக்கந்தர் பின்னால போறான். மண்ணு சரியுது. அவ்வளவுதான், பஸ் அசையாது. பின்னால போறான் என்பதற்கும் மண்ணு சரியுது என்பதற்கும் நடுவில், சாக்கடையைத் தாண்டுகிறவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாவுவதுபோல அவர் தாவுவதை மெய்யம்மை கவனித்தார். "நடுவுல என்னண்ணே இருக்கு?" என்று கேட்டால் சவரிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது.

வளைவுக்குக் கீழே ஆனைவழிக்குப் போக வேண்டியவர்களுக்கும், டவுன் சந்தைக்கு மூட்டை அனுப்ப வேண்டியவர்களுக்கும் பொறுமை போய்விட்டது. அவர்கள் சுப்பையா கடையில் கூடி, நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தார்கள். நல்ல மனசோடு செய்கிற காரியங்களில்தான் இந்த ஊர் எப்போதும் சறுக்கும். கஷ்டமான கதை என்பதால்தானே வண்டி நிற்கிறது, எளிதான கதையாக ஒன்று செய்து கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்து கட்டினார்கள். லாரிக்காரன் குடித்திருந்தான், வேண்டுமென்றே வந்து இடித்தான், சவரிமுத்து சிங்கம்போலப் பிரேக்கை மிதித்தார், சிக்கந்தர் "அண்ணே, உங்கமேல தப்பே இல்ல" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சவரிமுத்துவுக்கு அதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மகள் முகத்தை நினைத்து அவரும் ஒத்துக்கொண்டார். மெய்யம்மையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வளைவில் அவர் அந்தக் கதையை ஆரம்பித்தார். லாரிக்காரன் குடித்திருக்கிறான் என்ற இடத்தில் பஸ் ஓர் உறுமல் உறுமியது. சிங்கம்போல என்ற இடத்தில் தானாக ரிவர்ஸ் விழுந்தது. அப்புறம் கடுகுமேடு மொத்தமும், மூட்டைகளும் முட்டைக்கோசும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த பங்குச்சாமியாரும் மேலே நின்ற கிடாவும் உட்பட, மலைப்பாதை முழுவதும் பின்பக்கமாகவே ஏறி, பஸ் ஸ்டாண்டையும் பின்பக்கமாகவே சுற்றி, தெரசம்மாளின் வாசலில் வந்து தடாலென்று நின்றது.

மெய்யம்மை யாரையும் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் இறங்கி, வாய்க்காலில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

கல்யாண நாள் வந்துவிட்டது. வேறு வண்டி பிடித்துக் கண்ணைக் கட்டிச் சவரிமுத்துவைத் தூக்கிப் போய்விடலாம் என்று சிலர் சொன்னார்கள். தெரசம்மாள் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வந்து பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். "எம் மக அவரு கால்ல எறங்கி வரத்தான் சொன்னா. நாம இதுலயே போவோம்" என்றாள். ஊர் மொத்தமும் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு ஏறியது. கிடாவின் கழுத்தில்கூட யாரோ ஒரு மாலையைப் போட்டிருந்தார்கள்.

கீழத்தெருவில் சவரிமுத்து வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகம் எடுத்தார். நடுரோட்டில் ஒரு கை நீண்டது.

"ஹோல்டான்!"

ஜுலைகா. ஒரு கையில் கோழிக்கூடை. கண்டக்டர் வீட்டுக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பஸ் நின்றது. அவள் ஏறி, தெரசம்மாளின் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். "விண்ணரசி என் கையில வளந்த புள்ள. எனக்குப் பத்திரிகை வேற வெக்கணுமாக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். சவரிமுத்துவின் பிடரி வேர்த்து வழிந்தது.

தேன்கூட்டு வளைவு வந்தது.

"எதிர லாரி வருது. எல்லாரையும் எறங்கச் சொல்றேன்" என்றார் சவரிமுத்து. எல்லோரும் இறங்கி, பட்டும் ஜரிகையுமாக மலை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். மெய்யம்மை மட்டும் என்ஜின் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"சிக்கந்தர் பின்னால போறான். மண்ணு..."

அதற்குமேல் வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. ஜுலைகா சுற்றி வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"அண்ணே, என்னைப் பாருங்க. நான் ஒண்ணும் உங்கள அடிக்க வரல. அவரு கடைசியா என்ன சொன்னாரு? யாருமே எனக்குச் சொல்லலியே. உங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

சவரிமுத்து மெய்யம்மையைப் பார்த்தார். மெய்யம்மை, "இது இப்ப நடக்கல அண்ணே. இப்ப நீங்க வண்டியில உக்காந்திருக்கீங்க, நான் பக்கத்துல இருக்கேன். சொல்லுங்க" என்றார்.

"சிரிச்சேன்மா" என்றார் சவரிமுத்து. உதடு கோணியது. "அவன் பள்ளத்துக்குள்ள போறப்போ நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சேன். அவந்தான் சிரிக்க வெச்சான். சிரிப்பு அடங்குறதுக்குள்ள அவன் இல்ல. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன் சாகுறப்ப எவனாச்சும் சிரிப்பானா? இத எந்த வாயால உங்கிட்ட வந்து சொல்லுவேன்?"

மலை ஓரத்தில் நின்ற ஊர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டது.

"என்ன சொல்லிச் சிரிக்க வெச்சாரு?" என்றாள் ஜுலைகா.

"உன்னை மாதிரி பேசிக் காட்டினான்."

"நான் எப்படிப் பேசுறேனாம்?"

"நீ சாயங்காலம் கோழி அடைப்பேல்ல... அந்தப் பெரிய பெட்டைக்கோழி பின்பக்கமாவே கூண்டுக்குள்ள போகும்னு... இந்த வண்டி அது மாதிரியே இருக்குன்னு... தகரத்தத் தட்டித் தட்டி..."

ஜுலைகா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "செஞ்சு காட்டுங்க" என்றாள்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். மீசை வைத்த ஐம்பது வயசு ஆம்பிளை, கல்யாண வேட்டி சட்டையோடு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கீச்சுக்குரலில், "பா... பா... வாடி என் ராசாத்தி... குண்டிய ஆட்டாம வாடி..." என்றார்.

பஸ் ஒரு சாண் பின்னால் நகர்ந்து நின்றது.

"த்தூ" என்றாள் ஜுலைகா. "நான் இப்படியா பேசுவேன்? உங்களுக்கும் வரல, அந்த மனுசனுக்கும் வந்திருக்காது." சொல்லும்போதே அவள் வாய் துடித்தது, அது அழுகையா வேறு ஏதாவதா என்று ஊர் பயந்து பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல், பஸ்ஸின் தகரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். "அன்னிக்குக் காலையிலயும் எங்கிட்ட இதே மாதிரி பேசிக் காட்டி அகப்பையால அடி வாங்கிட்டுத்தான்ணே வேலைக்கு வந்தாரு. அவரு பயந்து, கத்திக்கிட்டே போயிருப்பாருன்னு நெனச்சு நெனச்சு இத்தன வருசமா நான் தூங்கலண்ணே. வெளையாடிக்கிட்டா போனாரு? உங்களச் சிரிக்க வெச்சுக்கிட்டா போனாரு?"

"ஆமாம்மா. ஆமா" என்றார் சவரிமுத்து. ஏழெட்டு வருஷமாகத் தேக்கி வைத்திருந்தது அவருக்கும் உடைத்துக்கொண்டது. ஸ்டியரிங்கில் கவிழ்ந்து குலுங்கினார். முதலில் அழுகை, நடுவில் எப்போதென்று தெரியாமல் அது சிரிப்பாகிவிட்டது. தெரசம்மாள் பல வருஷமாகக் கேட்காத அந்தச் சத்தத்தைக் கேட்டு, பட்டுப்புடவை அழுக்காவதைப் பார்க்காமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜுலைகா முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் நடந்தாள்.

"அங்க நிக்காதம்மா! வெளிம்பு!" என்று அலறினார் சவரிமுத்து.

"எங்கண்ணே வெளிம்பு இருக்கு? எட்டிப் பாருங்க. அப்பவே கருங்கல் வெச்சுச் சுவர் கட்டியாச்சு. ஊருக்கே தெரியும். எட்டிப் பார்க்காத உங்களுக்குத்தான் தெரியல."

அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பாசி பிடித்துப் பழசாகியே போயிருந்தது அந்தச் சுவர். ஜுலைகா அதன்மேல் சாய்ந்து நின்று, உள்ளங்கையால் தகரத்தைத் தட்டினாள். சவரிமுத்து உட்கார்ந்துவிடவில்லை; முன்பே உட்கார்ந்துதான் இருந்தார்; ஸ்டியரிங்கைக் கையில் பிடித்தார்.

"பா... பா... பா... வாடி ராசாத்தி, வாடி என் பொன்னு, நரி வர்றதுக்குள்ள வாடி, மெதுவா, மெதுவா, ரெக்கைய மடக்கிக்க, ஆங்... அவ்வளவுதான், படுத்துக்க."

இதுதான் அசல் குரல். பனிமாதா பஸ் பின்பக்கத்தை ஒடுக்கிக்கொண்டு, கூண்டுக்குள் போகும் கோழியாக வந்து, சுவருக்கு ஒரு கையகலம் தள்ளி அடக்கமாக நின்றது. எதிரே வராத லாரிக்கு வழிவிட்டது. பிறகு, ஏறிக்கொண்ட சனங்கள் எல்லோரும் பார்க்க, யாரும் இல்லாத பின்படிக்கட்டிலிருந்து இரண்டு விசில் சத்தம் கேட்டது. பஸ் வளைவைத் திரும்பி இறங்கியது.

கீழே கோயில் வாசலில் விண்ணரசி வெள்ளைப் புடவையில் நின்றிருந்தாள். வராவிட்டால் சொல்வதற்கென்று ஒரு பெரிய வசவும், வந்தால் சொல்வதற்கென்று அதைவிடப் பெரிய வசவும் தயாராக வைத்திருந்தாள். அப்பா தன் காலால் படியிறங்கி, இளித்த வாய் மூடாமல் வருவதைப் பார்த்ததும் இரண்டும் மறந்துபோயின. "ஏம்ப்பா இவ்வளவு லேட்டு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்வின் அன்று மிச்சமிருந்த முடியை எல்லாம் முன்னால் சீவியிருந்தான்.

விருந்து முடிந்து வந்து பார்த்தபோது பனிமாதா பஸ் இல்லை. மாலை போட்ட கிடா மட்டும் கோயில் தோட்டத்தில் குரோட்டன்ஸ் தின்றுகொண்டிருந்தது. பஸ் எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. இனி எப்படி மலையேறுவது என்பதுதான் கவலையாக இருந்தது. சாயங்கால வண்டியைப் பிடித்து நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். சவரிமுத்து என்ஜின் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, "தேர்ட்ல போடு தம்பி", "ஹாரன் அடி தம்பி" என்று வழி முழுக்க அந்த டிரைவரின் உயிரை வாங்கினார். குணமாக்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று மெய்யம்மைக்குச் சந்தேகமாக இருந்தது.

தேன்கூட்டு வளைவில் மேலேயிருந்து ஒரு லாரி இறங்கியது. பஸ் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் போனார், தகரத்தைத் தட்டினார். எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். சவரிமுத்து ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"அப்படி இல்ல தம்பி. நான் சொல்ற மாதிரி கூப்பிடு. அப்பத்தான் வரும்."

இன்றைக்கும் அந்த வளைவில் எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும், பின்னால் நிற்கிறவர் யாராக இருந்தாலும், பா பா வாடி ராசாத்தி என்று கோழியைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவார். வெளியூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை நிறுத்துவதில்லை. அந்த இடத்தில் ஒருத்தர் சிரித்தால், பின்படிக்கட்டுப் பக்கமாக ஒரு விசில் கேட்கும்.